யாருங்க பார்த்தது?

(அரியலூரில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிமுகம் செய்த நண்பர் என்னை அறிவியல் பேச்சாளர் என்று சொல்லிவிட்டார். நான் தபால் துறையில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தோடு என் அறிவியல் படிப்பு முடிந்தது. ஆனால் பெரம்பலூரிலோ அரியலூரிலோ புத்தகக் கண்காட்சி நடந்தாலும், கிரகணத்துக்கு முந்தின நாள் தெருமுனையில் யாராவது படம் போட்டு விளக்கினாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். பேச்சு முடிந்த பிறகு கூட்டத்தோடு கூட்டமாகப் பேருந்து நிலையம் வரை நடந்து வருவேன். கேட்டவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். மேடையில் பேசியவருக்குக் கடைசி வரை தெரியாமலே போகிற பேச்சு அது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தமிழில் அறிவியலை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று பாடுபட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. பெ.நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் தமிழில் அறிவியல் எழுதினார். சிங்காரவேலர் 'குடி அரசு' ஏட்டில் தொழிலாளிக்குப் புரிகிற தமிழில் பிரபஞ்சத்தைப் பற்றியும் பரிணாமத்தைப் பற்றியும் எழுதினார். பெரியார் 'இனிவரும் உலகம்' என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வந்தது. 1987-இல் 'துளிர்' இதழ் வந்தது. அந்த இதழைப் படித்து வளர்ந்த ஆசிரியர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். இவர்கள் எல்லோரும் போட்ட பாதையில்தான் நாம் நடக்கிறோம். அந்த மரியாதையோடுதான் என் குறையையும் சொல்கிறேன்.

சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி ஒருவர் பேசக் கேட்டிருக்கிறேன். நன்றாகப் படித்தவர், நல்ல குரல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டறிந்து சொன்னார், 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டுப் பழமை, அப்போது இங்கே கடல் இருந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. "ஐயா, பன்னெண்டு கோடி வருசம்னீங்க. அதை யாருங்க பார்த்தது?" என்று கேட்டார்.

சபை சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டு, "விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள் ஐயா" என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து நன்றியுரை.

அந்தப் பெரியவர் கேட்டது அங்கே கேட்கப்பட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி என்பது என் கருத்து. சாட்சி யார், எப்படித் தெரிந்தது, நான் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கிறார். பத்திரப் பதிவானாலும் பஞ்சாயத்தானாலும் நாம் கேட்கிற கேள்விதான். "விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள்" என்று பதில் சொன்னால், "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்று சொல்லும் கதாகாலட்சேபத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் பெரிய எண், இன்னொன்றில் பெரிய யுகம்.

அவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய பதிலை நான் பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சொல்ல முடியாத பதில் இல்லை அது. ஓர் ஆறு அந்த மரத்தை அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்திருக்கிறது. அது சேற்றில் புதைந்தது. மணலில் இருக்கிற சிலிக்கா நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறி, மரத்தின் திசுக்கள் இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் கல்லாகிவிட்ட பிறகும் பட்டையும் கணுவும் மரம் போலவே தெரிகின்றன. அந்தச் சேறு கடல் சேறுதான் என்பதற்கு அதே பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடக்கிற சிப்பிகள் சாட்சி. அவற்றில் அம்மோனைட் என்று ஒரு வகை உண்டு. ஆட்டுக்கிடாக் கொம்பு போலச் சுருண்ட ஓடு, உள்ளே கணவாய்க்கு உறவான ஓர் உயிர். இந்த அம்மோனைட்டுகள் சில லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு தடவை உருமாறிக்கொண்டே வந்தவை. ஒரு வகை மறையும், வேறொரு வகை வரும். அந்தந்த வகை அந்தந்தக் காலத்தின் பாறையில் மட்டும்தான் கிடைக்கும். நம் ஊரில் கிடைக்கிற வகைகள் உலகத்தின் வேறு கடல் பாறைகளிலும் கிடைக்கின்றன. சில இடங்களில் அந்தப் பாறை அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறது. சாம்பலுக்குள் சிர்க்கான் என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் படிகங்கள் உண்டு. அந்தப் படிகத்துக்குள் அகப்பட்ட யுரேனியம் ஒரே சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு வகை யுரேனியத்தில் பாதி மாற 447 கோடி ஆண்டு. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் சாம்பலின் வயது. சாம்பலின் வயது தெரிந்தால் அம்மோனைட்டின் வயது. அம்மோனைட்டின் வயது தெரிந்தால் அந்த மரத்தை மூடிய சேற்றின் வயது.

பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பெரியவருக்கு இது புரியாது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாய்க்கால் வரப்புத் தகராறில் நாலு தலைமுறைப் பத்திரத்தைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து வாதாடுகிறவருக்கு இந்தச் சங்கிலியா புரியாது?

இன்னொரு கேள்வியும் எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. "கல்மரத்தை ஏன் கார்பன் டெஸ்ட் பண்ணலை?" கீழடிக்குப் பிறகு இந்தச் சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. 2021-இல் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது இன்னும் பரவியது. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் கதிரியக்கக் கார்பன் 5,730 ஆண்டுக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் போனால் அளப்பதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. நெல்லுக்கு அந்தக் கடிகாரம், கல்மரத்துக்கு வேறு கடிகாரம். இதைச் சொன்னபோது ஒரு கல்லூரி மாணவி "அப்போ எதுக்கு எந்தக் கடிகாரம்னு ஒரு பட்டியல் கொடுங்க" என்று கேட்டாள். கேள்வி வளர்வது இப்படித்தான்.

இனி குன்னத்தில் நடந்த ஒரு சம்பவம். 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் நீர்நிலையில் மண் எடுத்தபோது உருண்டையான கற்கள் கிடைத்தன. முட்டை மாதிரி வடிவம். டைனோசர் முட்டை என்று படங்கள் செல்போனில் பறந்தன. சுற்றுவட்டாரச் சனமெல்லாம் பார்க்கப் போனார்கள். பிறகு நிலவியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இது முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு என்றார்கள். மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி. சமூக ஊடகத்தில் கேலி.

அந்தக் கேலி எனக்குப் பொறுக்கவில்லை. 2009-இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கூட்டம் கூட்டமாகக் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தபோது உலகப் பத்திரிகையெல்லாம் எழுதின. அதைப் படித்த ஊர்க்காரர், பதினோரு வருடம் கழித்து அதே மண்ணில் உருண்டைக் கல்லைப் பார்த்து முட்டை என்று நினைத்ததில் என்ன தவறு? கையில் இருந்த தகவலை வைத்து நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார். அவருக்கு இல்லாமல் போனது, முட்டையா கல்லா என்று பிரித்துப் பார்க்கும் வழி. அதை யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

வழி இருக்கிறது. டைனோசர் முட்டைக்கு ஓடு உண்டு. சில மில்லிமீட்டர் கனம். கோழி முட்டை ஓட்டில் இருப்பது போலவே மூச்சு வாங்கத் துளைகள் உண்டு. நுண்ணோக்கியில் வைத்தால் சுண்ணாம்புப் படிகங்கள் தூண் தூணாக நிற்பது தெரியும். கடலடிச் சேற்றில் ஓர் ஓடோ எலும்போ அழுகும்போது அதைச் சுற்றித் தாதுப்புகள் ஒட்டி இறுகி உருண்டையாகும். அதை உடைத்தால் ஓடு தனியாக வராது; நடுவில் சிப்பியோ அம்மோனைட்டோ இருக்கும், சில சமயம் ஒன்றுமே இருக்காது. இன்னொன்று, டைனோசர் தரையில் முட்டையிட்ட விலங்கு. குன்னம் பாறை கடலடிப் பாறை. முட்டை தேட வேண்டிய இடம் வேறு. ஒரு நாள் அந்தக் குளக்கரையிலேயே நாலு கல்லை உடைத்துக் காட்டி, கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்து, இதைச் சொல்லியிருந்தால் குன்னத்துப் பிள்ளைகளில் பத்துப் பேராவது வாழ்நாள் முழுக்க மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் தானாகக் கூடியிருந்தது. மேடையும் மைக்கும் வைத்து அழைத்தாலும் அப்படிக் கூடாது.

டைனோசர் என்றதும் கல்லமேட்டைச் சொல்லாமல் போக முடியாது. அரியலூருக்குப் பக்கத்தில்தான். அங்கே இருப்பது கடல் பின்வாங்கின பிறகு ஆறு கொண்டுவந்து போட்ட மண். 1920-களிலேயே சார்லஸ் மாட்லி என்ற ஆங்கில நிலவியலாளர் இந்தப் பக்கத்தில் டைனோசர் எலும்புகளைத் தேடினார். பிறகு யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியல் ஆய்வுத் துறை அறிஞர்கள் கல்லமேட்டில் மாபெரும் எலும்புகளைக் கண்டெடுத்து 1980-களின் பிற்பகுதியில் எழுதினார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். மாட்லி நினைவாக அந்த விலங்குக்கு புருகத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊன் தின்னி என்று எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் ஆராய்ந்து, இல்லை, நீண்ட கழுத்துத் தழையுண்ணி வகை என்றார்கள். உண்மையானால் தரையில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று நம் ஊரில் நடந்திருக்கிறது.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. எடுக்கும்போதே நைந்து போயிருந்தவை, மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காமல் உதிர்ந்துபோயின. பல ஆண்டுகள் ஒரு சந்தேகமும் கூடவே இருந்தது: அவை எலும்புதானா, கல்மரமா? நம் ஊரில் இது எவ்வளவு நியாயமான சந்தேகம் பாருங்கள்! 2022-இல் அய்யாசாமியும் இன்னொருவரும் சேர்ந்து, களத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்புதான் என்று சொல்லும் பக்கம் அதனால் வலுத்தது. எலும்பே கையில் இல்லாமல் படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டிய நிலை.

மேடையில் பேசுபவர்கள் "உலகின் மிகப் பெரிய டைனோசர் நம் அரியலூரில்" என்று முழங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கைதட்டல் வருகிறது. எனக்கு அது போதவில்லை. ஊன் தின்னி என்று எழுதியதை மாற்றியது, எலும்பு உதிர்ந்துபோனது, மரமா எலும்பா என்று சண்டை போட்டது, பழைய படத்தைத் தேடி எடுத்தது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அறிவியல். அறிவியல் எப்படி நடக்கிறது என்று ஒருவருக்குக் காட்ட இதைவிட நல்ல கதை வேறு எந்த ஊரிலாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. அதை ஒரு வரிப் பெருமையாகச் சுருக்குவது கேட்பவர்களைக் குறைத்து மதிப்பது.

கேட்பவர்களின் எதிர்வினையில் இன்னொரு வகை குமரிக்கண்டம். "இங்க கடல் இருந்திச்சுன்னா, அந்தப் பக்கம் குமரிக்கண்டம்தானேங்க?" இது வராத கூட்டமே இல்லை. பல பேச்சாளர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். சிலர் கைதட்டலுக்காக ஆமாம் என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒன்றுக்கொன்று உறவான விலங்குகள் எப்படி வந்தன என்று விளக்க, 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் கடலில் மூழ்கிய ஒரு நிலத்தைக் கற்பனை செய்து லெமூரியா என்று பெயரிட்டார். ஹென்றி பிளான்ஃபோர்ட் என்பவரும் பின்னாளில் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். இந்த பிளான்ஃபோர்ட் யார் தெரியுமா? நம் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்ப் பாறைகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து மூன்று தொகுதியாகப் பிரித்தவர். இன்றும் அந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அவர்கள் பார்த்த ஒற்றுமை உண்மை. சொன்ன காரணம் தவறு. நிலம் மூழ்கவில்லை, பிரிந்து நகர்ந்தது. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்வரை மடகாஸ்கர் நம்மோடு ஒட்டியிருந்தது. அந்தப் பிரிவு நடந்த காலம் முழுக்க இங்கே கடல் முன்னும் பின்னுமாக வந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதிவேடு காரை, குன்னம் ஊர்ப் பாறைகளில் கிடக்கிறது. மனிதன் வந்தது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுக்கு முன். ஆகவே அந்த நிலத்தில் தமிழன் மட்டும் இல்லை, எந்த மனிதனும் இல்லை. இப்படிச் சொன்னால் கேட்டவர் வருத்தப்படுவார் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை யாரும் வருத்தப்படவில்லை. "அட, நம்ம மண்ணு மடகாஸ்கரோட ஒட்டியிருந்துச்சா" என்று ஆச்சரியப்பட்டுத்தான் போகிறார்கள்.

எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இப்போது வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 1868-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில் தாமஸ் ஹக்ஸ்லி தொழிலாளர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். டார்வினுக்காக வாதாடிய அதே ஹக்ஸ்லி. பேச எடுத்துக்கொண்ட பொருள் தச்சர் பையில் இருக்கிற ஒரு துண்டு சீமைச் சுண்ணாம்பு. நார்விச்சில் எங்கே கிணறு தோண்டினாலும் அந்த வெள்ளைக் கல்தான் வரும். அதிலிருந்து தொடங்கினார். அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போடுவதற்காக 1857-இல் ஒரு கப்பல் ஆழம் பார்த்தபோது அள்ளிவந்த சேற்றை நுண்ணோக்கியில் வைத்தால் தெரிகிற நுண்ணுயிர் ஓடுகளும், தச்சரின் சுண்ணாம்பைத் தேய்த்து வைத்தால் தெரிகிற ஓடுகளும் ஒன்றுதான் என்று காட்டினார். ஆகவே நீங்கள் நிற்கிற தரை ஒரு காலத்தில் ஆழ்கடல் என்றார். எப்படித் தெரியும் என்பதை முன்னால் சொல்லிவிட்டு, என்ன தெரியும் என்பதைப் பின்னால் சொன்னார்.

நார்விச் சுண்ணாம்பும் நம் அரியலூர்ச் சுண்ணாம்பும் ஒரே யுகத்தவை. கிரெட்டேசியஸ் யுகம். அவர் அங்கே பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கல்கத்தாவில் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா என்ற மொராவிய இளைஞர் நம் ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகப் போன சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து, விவரித்து, பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மோனைட்டுக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்தார், அரியலூரென்சிஸ் என்று. 1874-இல் லடாக்கில் ஒரு பயணத்தின்போது முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். அவர் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பெரிய பெரிய தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்த அந்த நூலில் இருப்பது எதுவும் அந்தச் சிப்பிகளைப் பொறுக்கிக் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு வந்து சேரவில்லை. நார்விச் தச்சருக்குக் கிடைத்தது நம் கல்லுடைப்பவருக்குக் கிடைக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டு ஆகிவிட்டது.

எனவே இங்கே பேச வருகிறவர்கள் கருந்துளையையும் செயற்கை நுண்ணறிவையும் பேசட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் தொடங்குவது இந்த மண்ணிலிருந்து தொடங்கட்டும். காரைக்குப் போய்ப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் மேடும் ஓடையுமாக அரித்துக் கிடக்கிற நிலம், ஒரு மரம் கிடையாது. குனிந்தால் விரல் பருமனில் துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரான பழுப்புக் கற்கள் கிடக்கும். பெலம்னைட். கணவாய் இனத்து உயிரின் உள்ளே இருந்த கூடு. உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கதிர் கதிராகக் கோடு ஓடும். அதைச் சுற்றி வளையம் வளையமாக வளர்ச்சி தெரியும். வெயிலில் சுட்டுக் கிடக்கும் அந்தக் கல்லைக் கையில் எடுத்து, இது நீந்திக்கொண்டிருந்தது என்று ஒரு பிள்ளை நினைத்துப் பார்த்துவிட்டால் போதும். கல்லக்குடி என்றால் நமக்கு 1953-ஆம் ஆண்டுப் போராட்டம் நினைவுக்கு வரும். அந்த ஊர்ச் சுரங்கத்தில் வெட்டுகிற சுண்ணாம்பில் ஒரு பகுதி பவளப்பாறை. கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை இழைத்துத் திருச்சி மார்பிள் என்று அந்தக் காலத்தில் விற்றிருக்கிறார்கள். இன்றைக்குக் கடல் இங்கிருந்து கிழக்கே ஒரு நூறு கிலோமீட்டர் பக்கம் தள்ளி இருக்கிறது.

இந்த மண்ணிலிருந்து தொடங்கினால் சமூகமும் தானாகவே பேச்சுக்குள் வந்துவிடும். பருவநிலை மாற்றம் பற்றி ஒரு பேச்சு கேட்டேன். துருவக் கரடி காட்டினார்கள், பனிமலை உருகுவதைக் காட்டினார்கள், பிளாஸ்டிக் பையைத் தவிர்க்கச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சிமெண்ட் ஆலையையோ சுரங்கத்தையோ லாரியையோ நம்பிப் பிழைப்பவர்கள். சிமெண்ட் என்ற சொல் அந்த மேடையில் ஒரு தடவைகூட வரவில்லை. வெளியே வந்ததும் ஒரு லாரி ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: "ஏங்க, நம்ம சூளையில வர்ற புகையும் இதுல சேருமா?"

சேரும். தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சூடாக்கினால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும். எரிக்கிற நிலக்கரியின் புகை இதில் சேரவில்லை. கல்லுக்குள்ளேயே இருந்த கரி இது. சூளை 1,450 டிகிரி வரை போகிறது, அதற்கான எரிபொருள் தனி. உலகம் முழுக்க மனிதன் வெளிவிடுகிற கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டால் வருகிறது. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் சிப்பியும் நுண்ணுயிரும் கடல் நீரிலிருந்து எடுத்து ஓட்டுக்குள் பூட்டி வைத்த கரியை நாம் நொடியில் அவிழ்த்துவிடுகிறோம். சென்னையில் எழும்பும் அடுக்குமாடிச் சுவரில் நம் கடல் இருக்கிறது. அதன் மறுபாதி காற்றில் இருக்கிறது. அந்த ஓட்டுநருக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ ஆலையை மூடச் சொல்றீங்களா?" என்றார். இல்லை என்றேன். வீடு கட்டத்தான் வேண்டும், ஆலைச் சம்பளத்தில்தான் இங்கே அடுப்பு எரிகிறது. ஆனால் சாம்பலையும் கசடையும் கலந்து சுண்ணாம்பைக் குறைப்பது எப்படி, தூசிக்கு என்ன வடிகட்டி, சுரங்கக் குழியில் ஊறும் நீரை இறைத்தால் பக்கத்துக் கிணறு என்னாகும் என்பதையெல்லாம் கேட்கிற உரிமை, தெரிந்துகொண்ட பிறகுதான் வருகிறது. துருவக் கரடியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த உரிமை கிடைத்திருக்காது.

இந்தச் சுரங்கங்களைப் பற்றி ஒரு வேண்டுகோளுக்கு வருகிறேன். சுண்ணாம்பு எடுத்து முடித்த குழிகள் நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன, அவையும் ஒரு நாள் முடியும். சுரங்கத்தை மூடும்போது என்ன செய்யப்போகிறோம் என்று நிறுவனம் மூடல் திட்டம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அந்தத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். வெட்டி முடித்த சுவர்களில் ஒரு பக்கத்தை மட்டும், அடுக்குகள் நன்றாகத் தெரிகிற பக்கத்தை, மண் மூடாமல் விட்டுவைக்க வேண்டும். கைப்பிடி வைத்த படி, ஒரு வேலி, நிழலுக்கு ஒரு கூரை. எந்த அடுக்கு எப்போது படிந்தது, அதில் எந்தச் சிப்பி இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தமிழில் பலகை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் வந்துவிட்டது, நல்லது. சாத்தனூரில் மரம் வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சிப்பியைப் பார்ப்பதும், அது கிடந்த சுவரில் அதைப் பார்ப்பதும் வேறு. எது மேலே, எது கீழே என்று சுவர்தான் காட்டும். "யாருங்க பார்த்தது?" என்று கேட்ட பெரியவரை அங்கே கூட்டிப்போய் நிறுத்தினால், அடுக்கை அவரே தொட்டுப் பார்த்து எண்ணிக்கொள்வார்.

மனு ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், இரண்டு மாவட்ட ஆட்சியருக்கும். பின்னால் மேசையில் இருக்கிறது. எந்தச் சுரங்கம் என்று குறிப்பிடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், ஏனென்றால் எந்தச் சுவர் நல்ல சுவர் என்று அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். வெடி வைக்கிறவர்கள், பொக்லைன் ஓட்டுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து போகும் முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளி ஆசிரியர்கள் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிவரத் தோதான தூரம் எது என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஊர்ப் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். பதில் வந்தால் உங்களுக்கு நகல் அனுப்புவேன்.

நூலகர் ஒன்பது மணி வரை அரங்கைத் திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நன்றியுரை வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தையும் கேள்விக்கு எடுத்துக்கொள்வோம். அங்கே தூணுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கம்மா.